கழுத்துக்கு டிராக்ஷன்: கயிறு கட்டுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கழுத்து வலி என்று பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிற பலருக்கு அங்கே கிடைப்பது ஒரே பட்டியல்: பத்து நிமிடம் கரண்ட், பதினைந்து நிமிடம் டிராக்ஷன் (தலையில் பட்டை மாட்டி, எடையாலோ இயந்திரத்தாலோ கழுத்தை இழுப்பது), பத்து நாள் வந்து போங்கள். எழுபது வயதுப் பாட்டிக்கும் அதே எடை. கணினி முன் குனிந்திருந்து கழுத்துப் பிடித்துக்கொண்ட இளைஞருக்கும் அதே எடை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. டிராக்ஷன் கெட்ட சிகிச்சை அல்ல. கைக்கு இறங்கும் வலியால் இரவெல்லாம் தூங்க முடியாமல் தவிப்பவருக்கு, தகுந்த அளவில் கொடுத்தால், அது பெரிய நிம்மதி. ஆனால் கழுத்துக்குள் ஓடுவது தண்டுவடம். அதன் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள். ஆளைப் பரிசோதிக்காமல் அங்கே கயிறு கட்டி இழுக்க எவருக்கும் உரிமை இல்லை.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபிஸ்டுகளையும், மருத்துவர் டிராக்ஷன் எழுதிக் கொடுத்த சீட்டோடு நிற்கும் நோயாளிகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளிகள் பரிசோதனைப் பகுதிகளைத் தாண்டிப் போக வேண்டாம். உங்களுக்கு என்னென்ன பார்க்கப்பட வேண்டும் என்று தெரிந்தால்தான், பார்க்காமல் விட்டால் கேட்க முடியும்.

இழுக்கும்போது உள்ளே நடப்பது

கழுத்தில் ஏழு எலும்புகள். எட்டு இணை நரம்புகள். இரண்டு எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் என்னும் மெத்தை போன்ற ஜவ்வு, பின்பக்கம் இருபுறமும் நரம்பு வெளியே வரும் சிறு துளைகள். டிஸ்க் பிதுங்கினாலோ, வயதாகி எலும்பு விளிம்பு வளர்ந்தாலோ அந்தத் துளை குறுகி நரம்பு வேர் நசுங்குகிறது. அதைச் சுற்றி வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் இது நடப்பது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலும், ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலும்தான்.

தலையை நீளவாக்கில் இழுத்தால் எலும்புகள் சற்றே விலகுகின்றன. எவ்வளவு என்றால் ஓரிரு மில்லிமீட்டர். அதற்கே கணிசமான விசை வேண்டும். கழுத்தைச் சற்று முன்பக்கம் மடித்து இழுத்தால் பின்பக்கத் துளைகள் கூடுதலாகத் திறக்கின்றன. இறுகிய தசைகள் தளர்கின்றன. இழுவையை எடுத்த சிறிது நேரத்தில் அந்த இடைவெளி பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே 'விலகிய ஜவ்வை இழுத்து உள்ளே தள்ளிவிட்டோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நசுங்கிய நரம்புக்கு ஓய்வு கொடுத்து, வலி குறையும் அந்த இடைவேளையில் பயிற்சியைத் தொடங்க வழி செய்வதுதான் டிராக்ஷனின் வேலை.

பலன் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நரம்பு வேர் அழுத்தம் உள்ள 81 பேருக்குக் கைமுறைச் சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்து, ஒரு பாதியினருக்கு உண்மையான டிராக்ஷனும் மறுபாதியினருக்குப் போலி டிராக்ஷனும் சேர்த்தார்கள்; நான்கு வாரத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2014இல் அமெரிக்காவில் 86 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சியோடு இயந்திர டிராக்ஷனும் பெற்றவர்கள் ஆறாவது மாதத்தில், பயிற்சி மட்டும் செய்தவர்களையும் கதவில் மாட்டும் டிராக்ஷன் எடுத்தவர்களையும் விட நன்றாக இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: டிராக்ஷன் எல்லாக் கழுத்துக்கும் அல்ல, தனியாகவும் அல்ல. சிலருக்கு, பயிற்சியோடு.

முதல் படி: அந்தச் சிலர் யார்?

கழுத்தில் தொடங்கித் தோள்பட்டை வழியே கைக்கு இறங்கும் வலி, விரல்களில் மதமதப்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் என்றால் ஆறாவது நரம்பு. நடுவிரல் என்றால் ஏழாவது. சுண்டு விரல் என்றால் எட்டாவது. இப்படிப்பட்டவர்களில் சிலர் வலிக்கும் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டே உள்ளே வருவார்கள். 'இப்படி வைத்தால்தான் கொஞ்சம் நிம்மதி' என்பார்கள். அந்த நிலையில் நரம்பின் மேலுள்ள இழுப்புத் தளர்கிறது. டிராக்ஷன் உதவக்கூடியவர் இவர் என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி.

கை வலி எல்லாம் கழுத்திலிருந்து வருவதில்லை. நம் ஊரில் சர்க்கரை நோய் அதிகம். சர்க்கரையால் நரம்பு பாதித்து மரத்துப்போகும் கை, சர்க்கரைக்காரர்களுக்கு அடிக்கடி வரும் தோள் இறுக்கம், மணிக்கட்டில் நரம்பு நசுங்கி இரவில் எழுப்பிவிடும் மரப்பு ஆகிய மூன்றுமே 'கழுத்துத் தேய்மானம்' என்ற பெயரில் டிராக்ஷன் மேசைக்கு வந்து சேர்கின்றன. இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சு வாங்கலும் இருந்தால் அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது என்பது மட்டும் காரணமாகாது. ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். தலைமுடி நரைப்பதுபோல அதுவும் வயதின் தடம்.

இரண்டாம் படி: யாருக்குக் கயிறு கட்டவே கூடாது?

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் இந்தக் கேள்விகளைக் குறைக்காதீர்கள்.

தண்டுவடம் நசுங்குகிறதா என்பது முதல் கேள்வி. நரம்பு வேர் நசுங்கினால் ஒரு கை வலிக்கும். தண்டுவடம் நசுங்கினால் வலியே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் அது ஏமாற்றிவிடுகிறது. 'சட்டைப் பொத்தான் போடும்போது விரல் தடுமாறுகிறதா? ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா? பூ கட்டுவது முன்பு போல் வருகிறதா? நடக்கும்போது கால் பின்னுகிறதா, இருட்டில் தள்ளாடுகிறதா? சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா? தலையைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதா?' என்று கேளுங்கள். பிறகு பத்து விநாடியில் எத்தனை முறை கையை முழுதாக மூடித் திறக்கிறார் என்று எண்ணுங்கள். இருபதுக்குக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டுக் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பாருங்கள். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழுகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் எது இருந்தாலும் டிராக்ஷன் கிடையாது; எம்.ஆர்.ஐ., நரம்பியல் மருத்துவர் அல்லது முதுகெலும்பு அறுவை மருத்துவர். 'இரண்டு நாள் எடுத்துப் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது, எலும்புகளைக் கட்டி நிறுத்தும் தசைநார்கள் உறுதியாக இருக்கின்றனவா என்பது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு நோய்) நீண்ட நாளாக உள்ளவர்களுக்கு முதல் எலும்பையும் இரண்டாம் எலும்பையும் பிணைக்கும் தசைநார் அரித்துத் தளர்ந்திருக்கலாம். இழுத்தால் எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்களுக்கும் இதே தளர்ச்சி இருக்கலாம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இதற்கு நேர்மாறு: முதுகெலும்பு முழுவதும் ஒன்றாக இறுகி, உள்ளே எலும்பும் மெலிந்திருக்கும், வளையாது, முறியும். எலும்பு மெலிவு நோய் உள்ள பெரியவர்களும் இந்தப் பட்டியலில்தான். ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்தவர்களின் எலும்பும் அப்படித்தான். மூட்டு வலிக்கென்று கடையில் பெயர் தெரியாத மாத்திரைகளை வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டவர்களை அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். 'ஸ்டீராய்டு எடுத்தீர்களா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது, நோய்த்தொற்றும் கட்டியும். உலகிலேயே காசநோயாளிகள் மிக அதிகமாக உள்ள நாடு இந்தியா. முதுகெலும்புக் காசநோயை இங்கே வேலை செய்கிறவர்கள் மறக்கக்கூடாது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பதில் ஒன்று இருந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனையும் படமும்.

நான்காவது, ரத்தக் குழாய்கள். தலைச்சுற்றல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நினைவோடு இருக்கும்போதே கால் மடிந்து விழுதல், முகத்தில் மரப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். 'இதுவரை இப்படி ஒரு வலி வந்ததே இல்லை' என்று திடீரெனத் தொடங்கிய கடும் கழுத்து வலியோ தலைவலியோ, குறிப்பாகக் கழுத்தைச் சொடக்கு எடுத்த பிறகு வந்ததென்றால், ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். முடிவெட்டும் கடையில் தலையைத் திருப்பி 'சட்டக்' என்று ஒடிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. யாரும் அதற்குக் கழுத்தைக் கொடுக்காதீர்கள். கேட்காமலே கை வைத்தால் எழுந்துவிடுங்கள்.

ஐந்தாவது, அடிபட்டவர்கள். இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்தவர், மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தவர், அடிபட்ட பிறகு கை கால் மரத்தவர், 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், தலையை இரு பக்கமும் 45 டிகிரி கூடத் திருப்ப முடியாதவர் ஆகியோருக்கு எலும்பு முறியவில்லை என்று படத்தில் உறுதியாகும்வரை கழுத்தைத் தொடவே கூடாது.

இவை தவிர, கழுத்தில் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், தாடை மூட்டு நோய் உள்ளவர்கள், கட்டிப்போட்டாலே மூச்சு முட்டுவதாக உணர்பவர்கள் ஆகியோருக்கும் வேறு வழி தேடுவதே நல்லது. கர்ப்பிணிகளுக்குத் தசைநார்கள் இயல்பாகவே தளர்ந்திருக்கும்; நான் கொடுப்பதில்லை.

மூன்றாம் படி: முதலில் கையால் இழுத்துப் பாருங்கள்

இயந்திரத்துக்குப் போகும் முன் இரு கைகளின் வலிமையையும் தொடு உணர்வையும் அனிச்சைச் செயல்களையும் பார்த்து எழுதி வையுங்கள். தோளைப் பக்கவாட்டில் தூக்குவது ஐந்தாவது நரம்பு, மணிக்கட்டை மேலே மடக்குவது ஆறாவது, முழங்கையை நீட்டுவது ஏழாவது, விரல்களை மடக்கிப் பிடிப்பது எட்டாவது. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நாளை கை பலமிழந்தாலும் அது முன்பே இருந்ததா, டிராக்ஷனால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு நோயாளியைப் படுக்க வைத்து, ஒரு கையைப் பிடரி எலும்பின் அடியிலும் மறு கையைத் தாடைக்குக் கீழும் லேசாக வைத்து மெல்ல இழுங்கள். பல விநாடிகள் பிடித்து, அதே மெதுவில் விடுங்கள். கை வலி குறைகிறதா? விரலில் இருந்த வலி முழங்கைக்கும், முழங்கையில் இருந்தது தோளுக்கும் ஏறுகிறதா? ஏறினால் நல்லது. வலி மேலேறிக் கழுத்தளவில் சுருங்குவது நரம்பு விடுபடுவதன் அடையாளம். மாறாக வலி கீழே இறங்கினால் அல்லது புதிதாக மரப்பு வந்தால் அன்றைக்கு அவருக்கு டிராக்ஷன் இல்லை. உங்கள் கைக்கு உணர்ச்சி உண்டு, தசை இறுகுவதை உடனே அறியும். இயந்திரத்துக்கு அது தெரியாது. இந்தப் படியைத் தாண்டாதவரை இயந்திரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நான்காம் படி: படுக்கையும் பட்டையும்

உட்கார வைத்து இழுப்பதைவிடப் படுக்க வைத்து இழுப்பதே பாதுகாப்பு. தலையின் எடை நான்கரை முதல் ஐந்து கிலோ வரை. உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு கிலோ போட்டால் அது தலையின் பாரத்தைத் தாங்குவதோடு சரி. கழுத்துத் தசைகளும் தலையை நிறுத்தி வைக்க இறுகியே இருக்கும். படுத்தவருக்கு அதே நான்கு கிலோ நேராக எலும்புகளுக்குப் போகிறது. எனவே ஒரு நிலையில் கொடுத்த எடையை மறு நிலைக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். கழுத்து சற்று முன்பக்கம் மடிந்திருக்கட்டும்: கீழ்க்கழுத்துப் பிரச்சினைக்கு 25 டிகிரி அளவு, மேல்கழுத்துக்குப் போகப்போக நேர்நிலை. கழுத்து பின்பக்கம் சாய்ந்த நிலையில் ஒருபோதும் இழுக்கக் கூடாது. சாய்ந்தால் துளைகள் மேலும் குறுகும்.

பெண்கள் கொண்டையை அவிழ்த்துத் தலைமுடியைப் பக்கவாட்டில் விட வேண்டும். கொண்டை மேல் படுத்தால் தலையின் கோணமே மாறிவிடும். ஜிமிக்கி, தோடு, கழுத்துச் சங்கிலி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். பல்செட் மட்டும் வாயிலேயே இருக்கட்டும். எடுத்துவிட்டால் தாடை சரியாகப் பொருந்தாமல் மூட்டில் அழுத்தம் விழும்.

தாடையையும் பிடரியையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய வகைப் பட்டையைப் பயன்படுத்தினால் ஒன்றை மறக்காதீர்கள்: இழுப்பின் பெரும்பகுதி பிடரியில் விழ வேண்டும். தாடையில் விழுந்தால் தலை பின்னால் சாயும், கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும், காதுக்கு முன்னுள்ள மூட்டு வலிக்கும். பட்டையைக் கட்டியதும், 'பல் கடிபடுகிறதா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் முன்வாரைத் தளர்த்திப் பின்வாரை இறுக்குங்கள். பற்களுக்கு இடையில் மடித்த பஞ்சுத் துணி வைப்பதும் உதவும். பிடரியை மட்டும் பிடிக்கும் வகைக் கருவி கிடைத்தால் அதையே வாங்குங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் எந்தப் பட்டையும் படக்கூடாது. அங்கேதான் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் துடிக்கின்றன.

ஐந்தாம் படி: எடையும் நேரமும்

முதல் நாள் மூன்று முதல் நான்கு கிலோ, ஐந்து நிமிடம். அவ்வளவுதான். நோயாளி, 'ஒன்றுமே தெரியவில்லையே, இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்' என்பார். கூட்டாதீர்கள். முதல் நாளின் நோக்கம் குணப்படுத்துவது அல்ல, அவருடைய கழுத்து எப்படி எடுத்துக்கொள்கிறது என்று அறிவதுதான். மறுநாள் காலை எப்படி எழுந்தார் என்று தெரிந்த பிறகே அரை கிலோ அல்லது ஒரு கிலோ கூட்டலாம்.

தசை இறுக்கத்துக்கும் டிஸ்க் பிரச்சினைக்கும் ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள் வேலை முடிந்துவிடும். எலும்புகளை விலக்கவே வேண்டுமென்றால் ஒன்பதிலிருந்து பதின்மூன்று கிலோ வரை பாடநூல்கள் சொல்கின்றன. அதற்கு மேல் போவதற்குப் பிசியோதெரபி நிலையத்தில் எந்தக் காரணமும் இல்லை. ஒல்லியான பெரியவருக்கும் உடல் பருத்த இளைஞருக்கும் ஒரே எண் பொருந்தாது என்பதால் உடல் எடையின் கணக்கையும் பார்க்க வேண்டும்: சுமார் ஏழு சதவீதம் என்பது வழக்கமான அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது நான்கு கிலோவைச் சற்றுத் தாண்டும்.

விட்டுவிட்டு இழுப்பதா, தொடர்ந்து இழுப்பதா? கடும் வலியில் இருப்பவருக்குக் குறைந்த எடையில் தொடர்ந்து பிடிப்பது இதமாக இருக்கும். விட்டுவிட்டு இழுத்தால் ஒவ்வொரு அசைவும் குத்தும். வலி சற்று அடங்கியவருக்கு 60 விநாடி இழுத்து 20 விநாடி தளர்த்தும் முறை நல்லது. தளர்த்தும்போது விசையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் பாதியில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சுண்டி இழுப்பதுபோல் ஆகும். மொத்த நேரம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

ஆறாம் படி: பக்கத்தில் இருங்கள்

இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு அடுத்த நோயாளிக்குப் போவது நம் நிலையங்களில் அன்றாடக் காட்சி. நோயாளியின் கையில் நிறுத்தும் பொத்தானைக் கொடுத்து, அதை ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தான் இல்லாத இயந்திரத்தை, அல்லது பொத்தான் பழுதான இயந்திரத்தை, பயன்படுத்தாதீர்கள். முதல் சில நிமிடங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்:

- வலி கையில் கீழே இறங்குவது, மரப்பு கூடுவது அல்லது மறு கைக்கும் பரவுவது
- கால்களில் கூச்சமோ பலமின்மையோ
- தலைச்சுற்றல், குமட்டல், கண் மங்கல், காதில் இரைச்சல், படபடப்பு
- தாடையிலோ காதுக்கு முன்னோ வலி; புதிதாக வரும் தலைவலி

இந்தப் பட்டியலில் சேராத ஒன்று உண்டு. அனுபவம் குறைந்தவர்கள் அதை வெற்றி என்று நினைத்துவிடுவார்கள். கடுமையாக இருந்த கை வலி இழுத்ததும் சட்டென்று முழுவதும் மறைந்துபோவது. நரம்பு விடுபட்டதாலும் அப்படி ஆகலாம். நரம்பு மேலும் நசுங்கி, செய்தியே கடத்த முடியாமல் போனதாலும் ஆகலாம். உடனே இழுவையைத் தளர்த்தி, கையின் வலிமையையும் தொடு உணர்வையும் மறுபடி பாருங்கள். வலி போனதோடு பலமும் உணர்வும் குறைந்திருந்தால் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

ஏழாம் படி: இறக்கிய பிறகு

எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்து இறக்குங்கள். பட்டையைக் கழற்றியதும் எழ விடாதீர்கள். சில நிமிடம் படுத்திருக்கட்டும். பிறகு பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்கட்டும். வலிமை, உணர்வு, அனிச்சைச் செயல்களை மீண்டும் பார்த்து முன்பு எழுதியதன் பக்கத்திலேயே எழுதுங்கள். எடை, கோணம், நேரம், வலி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். அடுத்த நாள் வேறொரு பிசியோதெரபிஸ்ட் பணியில் இருந்தால் அவருக்கு இருக்கும் ஒரே துணை அந்தச் சீட்டுதான்.

பஸ்ஸில் குலுங்கிப் போகிறவர்களும் இரு சக்கர வண்டி ஓட்டிப் போகிறவர்களும் சற்று ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. லேசான தசைவலி அன்று மாலை இருக்கலாம். மறுநாள் வரை கூடிக்கொண்டே போனால் எடை அதிகம் என்று பொருள்.

வீட்டில் செய்யலாமா?

நிலையத்தில் பலன் தெரிந்தவர்களுக்கு, கற்றுக்கொடுத்த பிறகு, செய்யலாம். தானாக வாங்கிச் செய்யக் கூடாது.

கதவில் மாட்டித் தண்ணீர்ப் பையைத் தொங்கவிடும் கருவிதான் நம் வீடுகளில் அதிகம். அதில் நடக்கும் பெரிய தவறு உட்காரும் திசை. கதவைப் பார்த்து உட்கார வேண்டும். அப்போதுதான் கயிறு முகத்துக்கு முன்பக்கமாகப் போய்க் கழுத்தை முன்னால் மடித்து இழுக்கும். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் தலை பின்னால் சாய்ந்து இழுபடும், கை வலி கூடும். ஆனாலும் தொலைக்காட்சி பார்க்க வசதி என்று பலர் அப்படித்தான் உட்காருகிறார்கள். பையில் தண்ணீரைக் குறித்துக் கொடுத்த கோடுவரை மட்டும் நிரப்புங்கள்; தண்ணீர்ப் பைக்குப் பதில் செங்கல்லோ எடைக்கல்லோ கட்டாதீர்கள். கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டிருக்க வேண்டும்; மறுபக்கத்திலிருந்து குழந்தை தள்ளித் திறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். தூக்கம் வரும் மாத்திரை எடுத்த பிறகும், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். கட்டிக்கொண்டு தூங்கிவிடவே கூடாது.

இணையத்தில் விற்கும் காற்றடைக்கும் காலர்கள் முன்கழுத்தை அழுத்துவதால் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இல்லை. கதவில் மாட்டித் தலையைத் தொங்கப்போடும் ஊஞ்சல்கள், தாடைக்குப் பட்டை மாட்டிச் சட்டென்று வெட்டி இழுக்கும் வீடியோ வித்தைகள் இரண்டுமே டிராக்ஷன் அல்ல. விசையை அளக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. சீனாவில் முதியவர்கள் பூங்காக்களில் தாடையைப் பட்டையில் மாட்டித் தொங்கி ஆடுவது பரவியது. 2024 மே மாதம் சோங்சிங் நகரில் அப்படித் தொங்கியபோது ஒருவர் உயிரிழந்தார். முழு உடலின் எடையையும் கழுத்து தாங்க வேண்டியிருக்கும் அந்த நிலையை எந்தப் பிசியோதெரபிஸ்டும் பரிந்துரைக்க முடியாது.

எத்தனை நாள், அதன் பிறகு என்ன?

ஐந்தாறு முறை கொடுத்தும் வலி இடம் மாறவில்லை, குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பத்து நாள் பணம் கட்டிவிட்டார் என்பது தொடர்வதற்குக் காரணம் ஆகாது. பலன் இருந்தால் வாரம் இரண்டு மூன்று முறை, சில வாரங்கள். வலி கழுத்தளவில் சுருங்கியதும் எடையைக் கூட்டுவதை நிறுத்தி, நாள்களைக் குறைத்து, பயிற்சிக்கு மாற வேண்டும். தாடையை உள்ளிழுத்துக் கழுத்தின் ஆழ்தசைகளை வேலை செய்ய வைக்கும் பயிற்சி, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்க்கும் பயிற்சி, மெல்லக் கழுத்தைத் திருப்பும் பயிற்சி மூன்றையும் முதல் வாரத்திலிருந்தே டிராக்ஷன் முடிந்த உடன் சொல்லிக் கொடுங்கள். அப்போதுதான் வலி குறைந்திருக்கும், உடல் ஒத்துழைக்கும். நரம்பு வேர் அழுத்தம் பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அடங்கிவிடும் என்பதையும் நோயாளியிடம் சொல்லுங்கள். பயந்துபோய்க் கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு செய்தி மருந்தைப் போல வேலை செய்கிறது.

நோயாளிகளுக்கு: உங்களுக்குச் சிகிச்சை தருபவர் பி.பி.டி. என்னும் பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். அது பல ஆண்டுப் படிப்பு. பயிற்சிக் காலமும் அதில் அடங்கும். இயந்திரத்தை இயக்கத் தெரிந்த உதவியாளர் உங்களைப் பரிசோதிக்கத் தெரிந்தவர் அல்லர். டிராக்ஷன் எடுத்துக்கொண்டிருக்கும் நாள்களில் எப்போதாவது கையில் பிடித்த டம்ளர் நழுவத் தொடங்கினால், கால் தள்ளாடினால், சிறுநீர் அடக்க முடியாமலோ போக முடியாமலோ ஆனால், அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், நரம்பியல் அல்லது எலும்பு அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். டிராக்ஷன் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.